பாட்டனாரின் துப்பாக்கியும் படைக்கலச் சட்டமும்

அதியமானுக்காகத் தொண்டைமானிடம் தூது சென்ற ஔவையார், அவனுடைய படைக்கலக் கொட்டிலைக் கண்டு பாடிய பாட்டொன்று புறநானூற்றில் இருக்கிறது. தொண்டைமானின் படைக்கருவிகள் பீலி அணிந்து, மாலை சூடி, நெய் பூசப்பெற்றுக் காவல் மிகுந்த மனையில் அழகாக இருக்கின்றன. அதியமானுடையவையோ நுனி முறிந்து கொல்லனின் உலைக்களத்தில் கிடக்கின்றன என்பது அதன் கருத்து. புகழ்வதுபோல் பழித்த நயத்தை உரையாசிரியர்கள் எடுத்துக் காட்டுவார்கள். எனக்கு அப்பாட்டில் வேறொன்று தோன்றுவதுண்டு. படைக்கலத்துக்கு இரண்டு நிலைகள்: ஒன்று காட்சிப் பொருளாக இருப்பது, மற்றொன்று பழுதுபட்டுக் கொல்லன் கையை எதிர்பார்த்துக் கிடப்பது. ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகளுக்குப் பின், இந்திய நாட்டின் படைக்கலச் சட்டம் ஒரு பழைய துப்பாக்கியைக் கையில் எடுத்தாலும் இதையேதான் கேட்கிறது. இது வெறும் காட்சிப் பொருளா, அல்லது கொல்லன் கைபட்டால் மீண்டும் சுடுமா?

இந்தக் கேள்வி எங்கள் வீட்டுக்கும் ஒரு முறை வந்தது.

என் பாட்டனார் வட ஆர்க்காட்டில் ஜவ்வாது மலையடிவாரத்துச் சிற்றூர் ஒன்றில் வேர்க்கடலையும் கேழ்வரகும் பயிரிட்டு வாழ்ந்தவர். கடலை முற்றும் பருவத்தில் மலையிலிருந்து காட்டுப்பன்றிகள் கூட்டமாக இறங்கும். ஓர் இரவு அயர்ந்தால் ஓராண்டு உழைப்புப் போய்விடும். அதற்காக அவரிடம் ஒரு மருந்துத் துப்பாக்கி இருந்தது. குழல் வாயில் வெடிமருந்தைக் கொட்டி, துணியடைத்து, ரவையிட்டு, கோலால் இடித்துக் கெட்டித்து, கேப்பு வைத்துச் சுட வேண்டிய பழங்காலத்துக் கருவி. கூடத்து உத்திரத்தில் இரண்டு இரும்புக் கொக்கிகளில் அது படுத்திருக்கும். பிள்ளைகள் தொடக் கூடாது. ஆயுத பூசையன்று மட்டும் அதற்குச் சந்தனமும் குங்குமமும் உண்டு. அதன் பக்கத் தகட்டில் ஒரு மகுடமும், அதன்கீழ் 'வி', 'ஆர்' என்னும் இரண்டு ஆங்கில எழுத்துகளும், 1859 என்னும் எண்ணும் பொறிக்கப்பட்டிருந்தன. விக்டோரியா அரசியின் முத்திரை அது என்று பின்னாளில்தான் அறிந்தேன். அந்தப் படைத் துப்பாக்கி எங்கள் வீட்டுக்கு வந்த வகைக்கு இரண்டு மூன்று கதைகள் உண்டு. அவற்றில் எதையும் நம்ப வேண்டியதில்லை.

ஆனால் அந்த 1859 என்னும் எண் மட்டும் பொய் சொல்லவில்லை. 1857ஆம் ஆண்டுப் பெருங்கிளர்ச்சி என்ஃபீல்டு துப்பாக்கியின் கொழுப்புத் தடவிய தோட்டாவை முன்னிட்டு வெடித்தது என்பது பள்ளிப் பிள்ளைகளும் அறிந்த செய்தி. கிளர்ச்சி அடங்கியபின் அதே துப்பாக்கியை ஆங்கிலேயர் என்ன செய்தார்கள் என்பது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. 1853ஆம் ஆண்டு மாதிரியான அந்த என்ஃபீல்டின் குழலுக்குள் திருகு வரிகள் வெட்டப்பட்டிருந்தன. குண்டு சுழன்றுகொண்டு வெளியேறுவதால் பல நூறு கஜத் தொலைவிலும் குறி தப்பாது. கிளர்ச்சிக்குப்பின் இந்தியச் சிப்பாய்களுக்கென்று தனியாக ஒரு துப்பாக்கி வகுத்தார்கள். வெளித்தோற்றம் என்ஃபீல்டுதான், குழலுள் மட்டும் வரிகள் இல்லை, உட்புறம் அகலமாகக் குடைந்து வழவழப்பாக விடப்பட்டிருந்தது. நூறு கஜத்தைத் தாண்டினால் அதன் குண்டு எங்கே போகும் என்று சுட்டவனுக்கே தெரியாது. தமக்குக் கீழே போரிடுபவனையும் முழுமையாக நம்பாத ஓர் ஆட்சி, தன் அவநம்பிக்கையைக் குழலுக்குள் எழுதி வைத்தது என்றே சொல்லலாம். அதன் பின்னும் பல பத்தாண்டுகள் வெள்ளைப் படைக்குப் புதிய துப்பாக்கி, இந்தியப் படைக்கு அதற்கு முந்திய தலைமுறைத் துப்பாக்கி என்பதே நடைமுறை. அவர்கள் மார்ட்டினி-ஹென்றி ஏந்தியபோது நம்மவர் கையில் ஸ்னைடர். அவர்கள் லீ-மெட்ஃபோர்டுக்கு மாறியபின் நம்மவருக்கு மார்ட்டினி.

என் பாட்டனாரின் துப்பாக்கி இந்த வழவழப்புக் குழல் வகையைச் சேர்ந்தது. பன்றிக்கு அது போதும்.

படையாளுக்கே இத்தகைய கட்டுப்பாடு என்றால் குடிமகன் நிலையைச் சொல்ல வேண்டியதில்லை. தமிழ்நாட்டில் அந்தக் கட்டுப்பாடு 1857க்கும் அரை நூற்றாண்டு முந்தியது. கட்டபொம்மன் 1799 அக்டோபர் 16இல் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டதும், மருது உடன்பிறந்தார் 1801 அக்டோபர் 24இல் திருப்புத்தூரில் தூக்கிலிடப்பட்டதும் நாம் அறிவோம். அதற்கடுத்த ஆறாம் வாரத்தில், 1801 டிசம்பர் முதல் நாளில், சென்னை ஆளுநர் எட்வர்டு கிளைவ் ஓர் அறிக்கை வெளியிட்டார். தென்சீமைப் பாளையக்காரரும் சேர்வைக்காரரும் குடிகளும் கும்பினியாரின் இசைவு பெறாத படைக்கலம் எதையும் வைத்துக்கொள்ளலாகாது, கோட்டைகள் இடிக்கப்படும், மீறுவோர் கடுந்தண்டனைக்கு ஆளாவர் என்பது அதன் சாரம். வேலும் வளரியும் திரித்துப்பாக்கியும் ஊர் ஊராகத் திரட்டப்பட்டன. படைக்கலம் என்பது குடிமகனின் உடைமை அன்று, அரசு தரும் அனுமதி என்னும் கருத்து தென்னாட்டில் வேரூன்றியது அந்த அறிக்கையோடுதான் என்று நான் கருதுகிறேன்.

தஞ்சை அரண்மனைப் படைக்கலக் கொட்டிலின் கதையும் இதனோடு சேர்ந்தது. மராட்டிய அரசமரபு 1855இல் முடிவுற்றபின், தலைமுறை தலைமுறையாகச் சேர்த்து வைத்திருந்த வாளும் ஈட்டியும் துப்பாக்கியும் கேட்பாரற்றுக் குவிந்து கிடந்தன. 1860களில் அவற்றுள் பெரும்பகுதி உடைத்துப் பழைய இரும்பாக்கப்பட்டது. பொறுக்கியெடுத்த சில சென்னை அருங்காட்சியகத்தைச் சென்றடைந்தன. எழும்பூருக்குச் செல்லும் அன்பர்கள் அந்தக் கூடத்தில் சற்று நின்று பார்க்க வேண்டும். அங்கே காண்பது எஞ்சியது மட்டுமே.

இந்தியா முழுமைக்கும் நின்று நிலைத்த சட்டம் 1878இல் லிட்டன் பிரபு காலத்தில் வந்தது. தாய்மொழி இதழ்களின் வாயைக் கட்டிய சட்டமும் அதே ஆண்டில் அவர் கைப்பட வந்ததே. இதழ்ச் சட்டத்தை ரிப்பன் பிரபு நீக்கிவிட்டார். படைக்கலச் சட்டம் எண்பது ஆண்டுக்கு மேல் உயிரோடிருந்தது. உரிமம் பெறாமல் எவரும் படைக்கலம் வைத்திருக்கலாகாது என்றது சட்டம். ஐரோப்பியருக்கும் ஆங்கிலோ-இந்தியருக்கும் அந்தக் கட்டு இல்லை என்றன அதன்கீழ் வந்த விதிகள். அந்த வேற்றுமைதான் உறுத்தியது. 1887இல் பத்ருதீன் தயாப்ஜி தலைமையில் சென்னையில் கூடிய மூன்றாவது காங்கிரசில், வங்கத்து இளைஞர் பிபின் சந்திர பாலர் இந்தச் சட்டத்தை நீக்கக் கோரி முழங்கினார். பன்றி வந்தால் எதைக் கொண்டு விரட்டுவது என்பது மட்டுமல்ல அவர்கள் எழுப்பிய கேள்வி. ஒரு நாட்டு மக்களை அவர்கள் அரசே நம்பவில்லை என்று ஏட்டில் எழுதி வைப்பது பொருந்துமா என்பதே. இனவேற்றுமை 1920இல் விதிகள் திருத்தப்பட்டபோது எழுத்தளவில் நீங்கியது. 1931இல் கராச்சிக் காங்கிரசு நிறைவேற்றிய அடிப்படை உரிமைத் தீர்மானத்தில், ஒழுங்குமுறைகளுக்கு உட்பட்டுப் படைக்கலம் வைத்திருக்கும் உரிமையும் ஓர் உரிமையாக இடம்பெற்றிருந்தது.

அந்த உரிமை அரசியலமைப்பில் இல்லையே என்று கேட்பவர்கள் 1948 டிசம்பரில் அரசியல் நிர்ணய சபையில் நடந்த விவாதத்தைப் படிக்க வேண்டும். எச். வி. காமத் கராச்சித் தீர்மானத்தை நினைவூட்டி ஒரு திருத்தம் கொண்டுவந்தார். சபை அதை ஏற்கவில்லை. பிரிவினைக் குருதி உலராத காலம் அது. நாடு முழுவதும் துப்பாக்கி பரவினால் என்னவாகும் என்பதைச் சபையில் இருந்தோர் கண்ணாரக் கண்டிருந்தனர். அந்த முடிவைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இனி, படைத் துப்பாக்கி என்பதால் மட்டும் வரும் தனிச் சிக்கலைச் சொல்ல வேண்டும். வேட்டைத் துப்பாக்கிக்கும் படைத் துப்பாக்கிக்கும் சட்டத்தின் கண்ணில் பெரிய வேறுபாடு உண்டு. அதற்குக் காரணம் துப்பாக்கி அன்று, தோட்டா. படையில் வழங்கும் தோட்டா கசிந்து வெளியே வந்தால் அதைச் சுடக்கூடிய கருவி எவர் வீட்டிலும் இருக்கலாகாது என்பது அரசின் எண்ணம். மார்ட்டினி-ஹென்றியின் தோட்டா .450 துளை அளவினது. ஆகவே 1907ஆம் ஆண்டை ஒட்டி .450 அளவுத் துப்பாக்கிகளை இந்தியாவுக்குள்ளும் சூடானுக்குள்ளும் கொண்டுவருவதற்குத் தடை விழுந்தது. யானையும் காட்டெருமையும் வேட்டையாடிக்கொண்டிருந்த துரைமார்கள் திகைத்தார்கள். இங்கிலாந்துத் துப்பாக்கிக் கடைக்காரர்கள் உடனே .465, .470 என்று அளவைச் சிறிது மாற்றிப் புதிய துப்பாக்கிகளைச் செய்து தந்தார்கள். அதே நோக்கத்தால், படையின் .303 அளவும் குடிமக்களுக்கு எட்டாக் கனியாயிற்று. ஆகவே இச்சாப்பூர்த் துப்பாக்கித் தொழிற்சாலை லீ-என்ஃபீல்டின் பொறியமைப்பையே வைத்துக்கொண்டு, குழலை மட்டும் .315 ஆக்கிக் குடிமக்களுக்கென்று ஒரு வேட்டைத் துப்பாக்கி செய்தது. காவலருக்கோ லீ-என்ஃபீல்டின் குழலைக் குடைந்து .410 அளவில் ஒற்றை வெடித் துப்பாக்கி. கொல்கத்தாவிலிருந்து இரயிலில் சிறிது நேரம் பயணம் செய்தால் இச்சாப்பூர் வந்துவிடும். அங்கே வேலை பார்த்த தமிழ்க் குடும்பங்களும் இம்மலரைப் படிக்கக்கூடும். அவர்களுக்கு இது பழைய கதை.

அரசின் அச்சம் முழுதும் பொய்யச்சம் என்றும் சொல்லிவிட முடியாது. 1911 ஜூன் 17இல் மணியாச்சி நிலையத்தில் வாஞ்சிநாதன் ஆஷ் துரையைச் சுட்டது பிரௌனிங் கைத்துப்பாக்கியால். 1914 ஆகஸ்டு 26இல் கல்கத்தாவில் ராடா என்னும் துப்பாக்கி வணிகரின் சரக்கிலிருந்து 50 மௌசர் கைத்துப்பாக்கிகளும் 46,000 தோட்டாக்களும் புரட்சியாளர் கைக்குப் போயின. அடிமைப்படுத்தியவனுக்கு அடிமையின் கையில் துப்பாக்கி அச்சமூட்டுவது இயல்பு. வியப்பென்னவென்றால், அடிமைத்தளை அறுந்தபின் வந்த சட்டத்திலும் அந்தத் துளை அளவுப் பட்டியல் பெரும்பாலும் அப்படியே தொடர்ந்தது.

நம் நாடாளுமன்றம் இயற்றிய படைக்கலச் சட்டம் 1959ஆம் ஆண்டினது. 1962 அக்டோபர் முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. அதனுடன் வந்த 1962ஆம் ஆண்டு விதிகளின் அட்டவணையைப் பாருங்கள்: .303 அல்லது 7.62 மில்லிமீட்டர் படைத் தோட்டாவைச் சுடக்கூடிய நீள் துப்பாக்கிகள், .410 மஸ்கட்டுகள், .380, .455 தோட்டாக்களையும் படையின் 9 மில்லிமீட்டர் தோட்டாவையும் ஏற்கும் கைத்துப்பாக்கிகள் எல்லாம் தடைசெய்யப்பட்ட துளையளவுகள். பர்மாப் போர்முனையிலிருந்தோ இத்தாலியிலிருந்தோ திரும்பிய சுபேதார் ஒருவர், தம்முடன் இருந்த வெப்லி கைத்துப்பாக்கியை நினைவுப் பொருளாக வைத்திருந்தார் என்று கொள்வோம். அது .455. மாவட்ட ஆட்சித் தலைவர் தரும் சாதாரண உரிமம் அதற்குச் செல்லாது. நடுவண் அரசின் தனி அனுமதி வேண்டும். உலகப் போர்க்காலத்துப் படைத் துப்பாக்கிகளுள் புகழ் பெற்றவை யாவும் ஏறத்தாழ இந்த வேலிக்குள்தான் அடங்கும்.

என் பாட்டனாரின் துப்பாக்கிக்கு அந்தச் சிக்கல் இல்லை. 1959ஆம் ஆண்டுச் சட்டம் பயிர்க் காவலுக்காக மருந்துத் துப்பாக்கி கேட்பவர்க்கு உரிமம் தருவதைத் தனியாகவே குறிப்பிட்டு ஏற்றிருக்கிறது. ஊர், பயிர், ஆள் மூன்றும் ஏட்டில் எழுதப்பட்டிருக்கும். உரிமப் புத்தகத்தை அவர் நில ஆவணங்களுடன் ஒரே தகரப்பெட்டியில் வைத்திருந்தார். புதுப்பிக்கும் நாளை மறக்காமலிருக்கச் சுவரில் கரியால் எழுதி வைப்பார்.

1971 தை மாதத்தில் அவர் மறைந்தார். டில்லியில் நடுவண் அரசு அலுவலகம் ஒன்றில் எழுத்தராக இருந்த என் தந்தையார் பதினைந்து நாள் விடுப்பில் ஊர் சென்றார். பதினாறாம் நாள் காரியம் வரை இருக்க விடுப்புப் போதவில்லை. மேலும் நான்கு நாள் தந்தி கொடுத்துப் பெற்றார். நிலத்தைப் பங்காளியிடம் குத்தகைக்கு விட்டார், மாடுகளை விற்றார், பெட்டியில் இருந்த பத்திரங்களைக் கட்டி எடுத்துக்கொண்டார். துப்பாக்கியையும் அவ்வாறே எடுத்துச் செல்லலாம் என்றுதான் முதலில் நினைத்தார். ஊர் மணியக்காரர்தான் தடுத்தார். 'நிலம் உனக்கு வரும், வீடு உனக்கு வரும், இது வராது. உரிமம் அவர் பெயரில். அவர் போனதும் அதுவும் போயிற்று' என்றார்.

அந்த எளிய சொற்களில் சட்டத்தின் உட்பொருள் முழுதும் அடங்கியிருக்கிறது. பொருள் வாரிசுக்கு வரும், அனுமதி வராது. அனுமதியின்றிப் பொருளைக் கையில் வைத்திருப்பது குற்றம். ஆகவே உரிமக்காரர் இறந்த மறுகணமே, அவர் மகன் தன்னை அறியாமல் குற்றத்தின் வாசற்படியில் நிற்கிறான். சட்டம் அதற்கு வழியும் வைத்திருக்கிறது. 21ஆம் பிரிவின்படி, தேவையற்ற காலதாமதம் இன்றி அருகிலுள்ள காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற வணிகரிடமோ அதை ஒப்படைத்துவிட வேண்டும். பின்னர், விதித்த காலத்துக்குள் தன் பெயரில் உரிமம் பெற்று மீட்கலாம், அல்லது உரிமம் உள்ள ஒருவருக்கு விற்றுப் பணத்தைப் பெறலாம். இரண்டும் செய்யாவிடில் மாவட்ட நடுவரின் ஆணையால் அது அரசுடைமை ஆகும்.

தந்தையார் ஒப்படைத்தார். சீட்டு ஒன்று தந்தார்கள். 'பழைய மருந்துத் துப்பாக்கி ஒன்று. கட்டை விரிசல். குதிரை பழுது' என்று அதில் எழுதியிருந்தது. உண்மைதான், கடைசி இரண்டு ஆண்டுகளாகக் குதிரையின் வில் தளர்ந்திருந்தது. பாட்டனார் சுடுவதையும் விட்டிருந்தார்.

டில்லிக்குத் திரும்பிய சில மாதங்களில் தந்தையார் தம் அலுவலக நூலகத்தில் சட்டப் புத்தகத்தை எடுத்துப் படித்திருக்கிறார். 45ஆம் பிரிவு அவர் கண்ணில் பட்டது. வழக்கொழிந்த வகையினதோ, தொன்மைச் சிறப்புடையதோ, பழுதுபட்டதோ ஆகிய படைக்கலம், பழுது பார்த்தாலும் பாராவிட்டாலும் சுடும் கருவியாகப் பயன்படாது என்னும் நிலையில் இருந்தால், அதற்கு இந்தச் சட்டமே பொருந்தாது என்கிறது அந்தப் பிரிவு. முதற்பகுதியைப் படித்து மகிழ்ந்தவர் பிற்பகுதியைப் படித்துப் புத்தகத்தை மூடிவிட்டார். குதிரையின் வில்லைச் சரிசெய்ய எங்கள் ஊர்க் கொல்லருக்கு அரை நாள் போதும். குழல் நன்றாக இருந்தது. நூற்றுப்பன்னிரண்டு வயதான அந்தக் கிழத்துப்பாக்கி, கொல்லன் பட்டறை ஒன்று ஊரில் இருந்த காரணத்தால், சட்டத்தின் கண்ணில் இளமையோடுதான் இருந்தது.

பிற நாடுகள் சில இங்கே வேறு வழி செல்கின்றன. அமெரிக்க நடுவண் சட்டம் 1898ஆம் ஆண்டிலோ அதற்கு முன்போ செய்யப்பட்டதைப் பழம்பொருள் என்று கொண்டு, புதிய துப்பாக்கிக்குரிய கட்டுகளிலிருந்து விலக்குகிறது. பிரிட்டனில், வீட்டில் அழகுக்காகவோ அரும்பொருளாகவோ வைத்திருக்கும் பழைய சக்கிமுக்கித் துப்பாக்கிக்குச் சான்றிதழ் தேவையில்லை. 2019இல் அங்கே பெர்க்ஷயரில் ஒரு குடும்பத்தார் தம் வீட்டுப் பரண்மேல் செய்தித்தாளில் சுற்றிக் கிடந்த பொருள்களை எடுத்துப் பார்த்தபோது, வெள்ளி வேலைப்பாடமைந்த சக்கிமுக்கித் துப்பாக்கி ஒன்று இருந்தது. 1799இல் சீரங்கப்பட்டணம் வீழ்ந்தபின் கும்பினிப் படையின் மேஜர் ஒருவர் கொண்டுசென்ற திப்பு சுல்தானின் துப்பாக்கி அது. ஏலத்தில் 60,000 பவுனுக்குப் போயிற்று. பரண் என்பது இரண்டு நாட்டிலும் பரண்தான். அங்கே அதிலிருந்து இறங்கியது செல்வம். இங்கே இறங்கினால் முதலில் வருவது கலக்கம்.

நம் நாட்டுக்குள்ளேயே ஒரு விதிவிலக்கு உண்டு. குடகு நாட்டில் கொடவரும் ஜம்மா நிலக்காரரும் 1861 முதல் உரிமம் பெறும் கடமையிலிருந்து விலக்குப் பெற்றவர்கள். 1857இல் ஆங்கிலேயருக்கு எதிராகப் போகாததற்கு அது பரிசு என்பதை அவர்கள் வரலாறும் மறைப்பதில்லை. கைல்போது நாளில் துப்பாக்கிக்குப் பூச்சூட்டி வழிபடுவர். வீட்டில் ஆண் குழந்தை பிறந்தால் ஒரு வெடி, இறப்பு நேர்ந்தால் இரண்டு வெடி என்பது பழைய மரபு. இந்த விலக்கை நடுவண் அரசு 2019இல் மேலும் பத்தாண்டுக்கு, 2029 வரை, நீட்டித்தது. அதை எதிர்த்து வந்த வழக்கைக் கர்நாடக உயர்நீதிமன்றம் 2021இல் தள்ளுபடி செய்தது. ஒரே மலைத்தொடரின் இரண்டு பக்கத்து உழவர்களுக்கு, காட்டுப்பன்றி ஒன்றே ஆயினும், சட்டம் ஒன்றன்று.

இப்போதைய நிலையைக் குடும்பத்தார் அறிந்திருப்பது நன்று என்பதால் அதையும் எழுதுகிறேன். முன்பு ஒருவர் எத்தனை துப்பாக்கியும் வைத்திருக்கலாம் என்றிருந்தது, 1983ஆம் ஆண்டுத் திருத்தத்தால் மூன்று என்றாயிற்று. 2019 டிசம்பரில் அது இரண்டாகக் குறைந்தது. வாரிசாக வரும் பழைய துப்பாக்கிக்கும் உரிமம் உண்டு, ஆனால் அதுவும் அந்த இரண்டுக்குள் அடங்க வேண்டும். ஆகவே, அப்பாவின் வேட்டைத் துப்பாக்கி, தாத்தாவின் இரட்டைக் குழல், அவர் தந்தையின் மருந்துத் துப்பாக்கி என்று மூன்று இருந்தால், எதை விடுவது என்று குடும்பம் கூடி முடிவு செய்ய வேண்டும். உரிமத்தின் காலம் மூன்றாண்டிலிருந்து ஐந்தாண்டாகியிருக்கிறது. தண்டனையும் ஏறியிருக்கிறது. உரிமமின்றிச் சாதாரணத் துப்பாக்கி வைத்திருந்தால் இரண்டு முதல் ஐந்தாண்டுச் சிறை. தடைசெய்யப்பட்ட வகையானால் ஏழு முதல் பதினான்கு ஆண்டு. 'எங்கள் பாட்டன் பெட்டியில் கிடந்தது, எங்களுக்குத் தெரியாது' என்பதை நீதிமன்றத்தில் நிறுவுவது எளிதன்று.

2016ஆம் ஆண்டு விதிகளில் வாரிசுகளுக்கு ஒரு நல்ல வாசல் திறந்திருக்கிறது. உரிமக்காரர் இறக்கும்வரை காத்திருக்க வேண்டுவதில்லை. அவருக்கு எழுபது வயது நிரம்பினாலோ, இருபத்தைந்து ஆண்டு அவர் அதை வைத்திருந்தாலோ, எது முந்தியதோ அப்போதே, மகனோ மகளோ தம் பெயருக்கு உரிமம் கேட்கலாம். கேட்பவர் இருபத்தொரு வயது நிரம்பியவராக இருக்க வேண்டும். துப்பாக்கியைக் கையாளும் பயிற்சிச் சான்று வேண்டும். பாதுகாப்பாக வைப்பதற்கு உறுதி தர வேண்டும். பிற வாரிசுகளின் இசைவும் வேண்டும். உடன்பிறந்தோர் நால்வர் நான்கு நகரங்களில் இருக்கும் நம் போன்ற குடும்பங்களில் கடைசியில் சொன்னதுதான் கடினமானது.

செலவைப் பற்றிக் கேட்பவர்கள் பெரும்பாலும் கட்டணத்தை மட்டும் கேட்கிறார்கள். அரசுக் கட்டணம் செலவில் மிகச் சிறிய பகுதி. காவல்துறை விசாரணைக்கு நடப்பது, பயிற்சிக்குச் செல்வது, இரும்புப் பெட்டி வாங்குவது, தேர்தல் வரும்போதெல்லாம் ஒப்படைத்து மீட்பது, வணிகரிடம் வைத்தால் மாதந்தோறும் வைப்புக் கூலி, வீடு மாறினால் புதிய இடத்து அலுவலகத்தில் பதிவு செய்வது ஆகிய இவற்றின் கூட்டுத்தொகையே உண்மை விலை. ஒரே ஊரில் ஒரே வீட்டில் மூன்று தலைமுறை வாழ்பவனுக்கு இது தாங்கும். மூன்றாண்டுக்கு ஒரு முறை இடமாற்றம் பெறுபவனுக்கு, அரசுக் குடியிருப்பில் இரண்டு அறையில் வாழ்பவனுக்கு, இது தாங்காது. 1980களின் நடுப்பகுதியில் வெளிநாட்டுத் துப்பாக்கி இறக்குமதி குடிமக்களுக்கு ஏறத்தாழ நின்றுபோனபின், உள்நாட்டில் இருந்த பழைய ஆங்கிலத் துப்பாக்கிகளின் சந்தை விலை ஏறியதும் உண்மை. ஆனால் வாங்குபவனிடமும் உரிமம் இருக்க வேண்டும் என்பதால், அந்த விலை பெரும்பாலோர்க்குக் காதால் கேட்கும் விலைதான். நூறாண்டு கடந்ததை வெளிநாட்டுக்கு அனுப்பி விற்கலாம் என்றால், 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டம் குறுக்கே நிற்கிறது. நிற்க வேண்டியதும்தான், திப்புவின் துப்பாக்கி போன வழியில் எஞ்சியவையும் போகாமலிருக்க வேறு வழியில்லை.

என் தந்தையாரிடம் திரும்புகிறேன். பயிர்க் காவல் உரிமம் கேட்க அவரிடம் பயிர் இல்லை. டில்லி விலாசத்தில் பன்றி வரும் என்று எழுத அவர் மனம் ஒப்பவில்லை. குத்தகைக்கு எடுத்த பங்காளி பெயரில் உரிமம் பெற்று அவரிடமே விட்டுவிடலாம் என்று கடிதப் போக்குவரத்து நடந்தது; அவருக்கும் தந்தையாருக்கும் அதற்குள் வாய்க்கால் தகராறு வந்துவிட்டது. விண்ணப்பம் ஒன்றை எழுதி, திருத்தி, மீண்டும் எழுதி, மேசை இழுப்பறையில் வைத்திருந்தார். விதித்த காலம் கடந்தது.

1984இல் நான் ஊர் சென்றபோது சீட்டை எடுத்துக்கொண்டு அந்தக் காவல் நிலையத்துக்குப் போனேன். இருந்தவர் இளைஞர், மரியாதையாகவே பேசினார். பழைய பதிவேட்டைத் தேடிப் பார்த்தார். பதின்மூன்று ஆண்டில் நிலையம் இரண்டு கட்டடம் மாறியிருந்தது. அரசுடைமை ஆக்கிய ஆணையும் அகப்படவில்லை, பொருளும் அகப்படவில்லை. 'இதெல்லாம் மொத்தமாக அனுப்பி அழித்திருப்பார்கள் சார்' என்றார். தஞ்சைக் கொட்டிலில் இருந்தவற்றுக்கு நேர்ந்ததே எங்கள் கொக்கியில் இருந்ததற்கும் நேர்ந்திருக்கும்.

ஒப்படைத்தது தவறு என்று தந்தையார் ஒருபோதும் சொல்லவில்லை. குழந்தைகள் இருக்கும் வீடு, சட்டம் சட்டம்தான் என்பார். ஆனால் அந்த 1859 என்னும் எண்ணையும் மகுடத்தையும் ஒரு தாளில் பென்சில் தேய்த்துப் படியெடுத்து வைக்காமல் போனோமே என்று மட்டும் கடைசிவரை வருந்தினார். அது எந்தப் படையில் எந்தச் சிப்பாய் கையில் இருந்தது என்று தேட அந்த ஓர் அடையாளமாவது உதவியிருக்கும். வீட்டில் இத்தகைய பொருள் உள்ள அன்பர்கள், ஒப்படைக்கும் முன் அந்த வேலையைச் செய்துகொள்ளலாம், ஒப்படைப்பதைத் தள்ளிப்போடாமல்.

சீட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. மடித்த மடிப்பில் கிழிந்து, பின்பக்கம் தாள் ஒட்டியிருக்கிறேன். ஊர் வீட்டில் உத்திரத்துக் கொக்கிகள் இரண்டும் அப்படியே உள்ளன. பங்காளி மகன் குடும்பம் இப்போது அங்கே குடியிருக்கிறது. அவர்கள் அவற்றில் ஒரு மூங்கிலை மாட்டி, கொசுவலையை மடித்துப் போட்டிருக்கிறார்கள்.